ஒட்டுக் கேட்பவர்களுக்காக ஓர் அத்தியாயம்

“மாடிக்கு மட்டும் போயிடாதே! சொல்றதைக் கேளு. மேல யாரோ நடக்கறாங்க!”

ஓடும் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு கீச்சு கிசுகிசுத்தாள். கிசுகிசுப்புதான். ஆனால் முன்னால் இரண்டு வரிசை, பின்னால் இரண்டு வரிசைக்குத் தெளிவாகக் கேட்கிற கிசுகிசுப்பு.

முன் சீட்டு வழுக்கைத் தலைக்காரர் பேப்பரைத் திருப்பப் போன கையை அந்தரத்தில் நிறுத்தினார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனை மெல்லக் கழற்றினாள். பின்னால் யாரோ மென்றுகொண்டிருந்ததை மெல்லாமல் வைத்துக்கொண்டார்கள்.

கீச்சுவுக்கு உள்ளுக்குள் குதியாட்டம். மாட்டிக்கிட்டாங்க!

“அது ஒரு பழைய வீடு” என்று தொடர்ந்தாள். “காலத்தின் ரேகைகள் ஓடிய சுவர்கள். துருவேறிய இரும்பு கேட். நிலவொளி சாளரத்தின் வழியே சன்னமாகக் கசிந்து...”

வழுக்கைத் தலைக்காரர் விளையாட்டுப் பக்கத்துக்குப் போனார். இயர்போன் காதுக்குத் திரும்பியது. பின்னால் மறுபடி மெல்லும் சத்தம்.

கீச்சு ஃபோனை மடியில் போட்டாள். மறுமுனையில் யாரும் இல்லை. ஆரம்பத்திலிருந்தே இல்லை. மாடியில் நடக்கிறவர்களும் இல்லை. இருந்ததெல்லாம் அவள் பையில் மடித்து வைத்திருந்த எட்டுத் தாள்கள். அவள் எழுதும் தொடர்கதையின் அடுத்த அத்தியாயம். அதன் தலையெழுத்து இன்று மூன்று மணிக்கு.

காலையில் வார இதழ் ஆசிரியர் கூப்பிட்டிருந்தார்.

“என்னம்மா, உன் தொடருக்கு ஒரு கடிதம்கூட வரலை. திட்டிக்கூட யாரும் எழுதலை. திட்டினாலாவது படிக்கறாங்கன்னு அர்த்தம்.”

“சார், இனிமேதான் சார் கதையே சூடு பிடிக்கப் போகுது.”

“போன மாசமும் இதையேதான் சொன்னே. அடுப்பு பத்த வைக்கவே இத்தனை நாளா? மூணு மணிக்கு அடுத்த அத்தியாயத்தோட வா. நானே படிக்கறேன். அடுத்த பக்கத்தைத் திருப்பணும்னு கை பரபரத்தா தொடரட்டும். இல்லேன்னா அடியில ‘முற்றும்’னு போட்டு மூட்டை கட்டிடலாம். உடம்பு இளைக்க வழி சொல்றவர் ஒருத்தர் அந்தப் பக்கத்துக்காகத் தவம் கிடக்கறார்.”

ஒரு பக்கக் கதை, அரைப் பக்கக் கதை, மூலையில் மிச்சம் விழுகிற இடத்துக்கு நாலு வரி ஜோக் என்று வருடக் கணக்கில் எழுதித் தேய்ந்து, கடைசியில் கிடைத்த முதல் தொடர். இதைப் பாதியில் மூட்டை கட்டிவிட்டால் வேறு எந்தப் பத்திரிகையும் அவளை எட்டிப் பார்க்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டில் முதல் தீர்ப்பு தங்கை வழங்கியாகிவிட்டது. பல் ஆஸ்பத்திரியில் வரிசைப்படி ஆட்களைக் கூப்பிட்டு உள்ளே அனுப்புகிற வேலை அவளுக்கு. தலை வாரிக்கொண்டே முதல் பக்கத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சீப்பைக் கீழே வைத்தாள்.

“அக்கா, எங்க டாக்டர் மரத்துப்போக ஊசி போடறார் இல்ல? அதுக்குப் பதிலா இதைப் படிச்சுக் காட்டலாம். கடைவாய்ப் பல்லைக்கூடப் பிடுங்கிடலாம், தெரியவே தெரியாது.”

“போடி!”

“நான் போறேன். உன் வாசகரும் போயிட்டாங்க.”

சின்ன வயதில் அவளுடைய மெல்லிய குரலைக் கேலி செய்து ‘கீச்சு’ என்று பெயர் வைத்ததும் இதே தங்கைதான். பெயர் ஒட்டிக்கொண்டது. கேலியும் நிற்கவில்லை.

அந்த எரிச்சலோடுதான் இரண்டு மணி நேரம் முன்னதாகவே பஸ் ஏறினாள். ஏறிய இடத்தில் அதிசயம் ஒன்று நடந்தது. முன்னால் இரண்டு பெண்கள், யாரோ ஒரு மாப்பிள்ளை நிச்சயம் ஆன மறுநாள் காணாமல் போன கதையைப் பேசிக்கொண்டு வந்தார்கள். அழகான வர்ணனை கிடையாது. உவமை கிடையாது. “அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?” என்று ஒருத்தி கேட்க, பஸ்ஸில் பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். மாப்பிள்ளை எங்கே போனான் என்று தெரிவதற்குள் கீச்சு இறங்க வேண்டிய நிறுத்தம் ஓடியே போய்விட்டது.

அப்போதுதான் மண்டையில் பொறி தட்டியது. இவர்கள் இப்படிச் சாய்கிறார்களே, என் கதைக்கு ஏன் ஒருத்தரும் சாய மாட்டேன் என்கிறார்கள்? நேரில் பார்த்துவிட்டால் என்ன?

அதன் விளைவுதான் அந்தப் பொய் ஃபோன்.

அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கினாள். நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்து தாள்களைப் பிரித்தாள். நிலவொளியை அடித்தாள். சாளரத்தை அடித்தாள். காலத்தின் ரேகைகளை அடிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. அந்த வரிக்காக ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தவள் அவள். வழுக்கைத் தலைக்காரர் பேப்பரைத் திருப்பிய சத்தம் காதில் வந்தது. சர்ரென்று ஒரே கோடு.

எதிர்த் திசையில் பஸ் வந்தது. ஏறினாள்.

“மாடிக்கு மட்டும் போயிடாதே! மேல யாரோ நடக்கறாங்க! ஆமாண்டி, குடி வந்து ஒரு வாரம்தானே ஆகுது உனக்கு? மாடி பூட்டிக் கிடக்கு, சாவி தொலைஞ்சு போச்சுன்னுதானே வீட்டுக்காரர் சொன்னார்? அப்போ டக் டக்னு நடக்கறது யாரு?”

இந்தத் தடவை சாளரம் இல்லை. நேராகக் காலடிச் சத்தம். காதுகள் திரும்பின. திரும்பிய காதுகள் திரும்பியபடியே நின்றன. பக்கத்து வரிசைப் பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

“எலியா இருக்கும்மா. பழைய வீடுன்னா எலி இருக்கத்தான் செய்யும்.”

“எலி எங்கேயாவது செருப்பு போட்டு நடக்குமா?” பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா சீறினாள். “டக் டக்னு கேக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. இவரு எலிங்கறார்!”

“ஏங்க, நான் பார்க்காத எலியா?”

“நீங்க எலியைப் பார்த்திருப்பீங்க. அந்த மாடியைப் பார்த்தீங்களா?”

“எனக்கென்னவோ அந்த வீட்டுக்காரர் மேலதான் சந்தேகம்” என்றார் நின்றுகொண்டிருந்த ஒருவர். “சாவி தொலைஞ்சா பூட்டை உடைச்சு வேற போட மாட்டாரா?”

கீச்சு வாயைப் பிளந்தபடி பார்த்தாள். தன் கதைக்காக முகம் தெரியாத மனிதர்கள் சண்டை போடுகிறார்கள்! நடிக்கவே மறந்துபோனாள். சொர்க்கம் என்பது இதுதானோ என்று அவள் நினைத்த அதே நொடியில்,

டிரிங்... டிரிங்...

காதோடு அழுத்தியிருந்த ஃபோன், அடித் தொண்டையில் அலறியது.

பஸ் முழுவதும் கப்சிப். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏம்மா, பேசிக்கிட்டிருக்கிற ஃபோன் எப்படிம்மா அடிக்கும்?”

“அது... அது வந்து... ரெண்டாவது லைன் தாத்தா” என்று உளறிக்கொண்டே கீச்சு படிக்கட்டுக்குப் பாய்ந்தாள். எந்த நிறுத்தம் என்றுகூடப் பார்க்கவில்லை. முதுகில் நாற்பது கண்கள் குத்த, தரையில் கால் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

கூப்பிட்டது தங்கை.

“எங்கே இருக்கே? கொடுத்துட்டியா?”

“இன்னும் இல்லைடி. பஸ்ல அத்தியாயத்தைச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

“யாருக்கு?”

“யாருக்கும் இல்லை. அதனாலதான் எல்லாரும் கேட்டாங்க.”



“அக்கா, எங்க டாக்டர் பல் டாக்டர்தான். ஆனாலும் உன்னை ஒரு தடவை காட்டிடலாம்.”

“கட் பண்ணுடி! எனக்கு எழுத வேலை இருக்கு!”

வெட்கத்தை விடப் பரபரப்பு பெரிதாக இருந்தது. மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். எலி! அந்த எலியை அவள் அல்லவா முன்பே யோசித்திருக்க வேண்டும்! இத்தனை வாரமாக என்ன செய்திருக்கிறாள்? எல்லாவற்றையும் அவளே சொல்லி, அவளே பயந்து, அவளே அழுது, கடைசியில் அவளே ஆறுதலும் சொல்லியிருக்கிறாள். படிக்கிறவர் வந்து உட்கார ஒரு நாற்காலியாவது போட்டாளா?

கதையில் வருகிற புருஷனின் வாயில் அந்த எலியைத் தூக்கிப் போட்டாள். ‘எலியா இருக்கும். பேசாம தூங்கு’ என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான். எலி செருப்பு போடுமா என்று அவள் எழுதவில்லை. அதைப் படிக்கிறவர் கேட்டுக்கொள்ளட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கட்டும்!

எட்டுத் தாள் ஐந்தானது.

மணி பார்த்தாள். பத்திரிகை ஆபீசுக்குப் போகிற வழியில் இன்னும் ஒரே ஒரு பஸ் பயணத்துக்குத்தான் நேரம் இருந்தது. ஃபோனை மறக்காமல் அணைத்துவிட்டு ஏறினாள்.

பக்கத்து சீட்டில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயது அம்மா, மடியில் பையோடு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். இந்த மாதிரி முகத்தை அசைத்துவிட்டால் யாரையும் அசைத்துவிடலாம். கீச்சு தொண்டையைக் கனைத்தாள்.

“மாடிக்கு மட்டும் போயிடாதே!”

அம்மாவின் தலை வெடுக்கென்று திரும்பியது. அப்பாடா!

காலடிச் சத்தம் வந்தது. பூட்டு வந்தது. புருஷன் எலி என்றான். “நல்லா எலி பிடிச்சான்!” என்று யாரோ முணுமுணுத்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் அங்கேயே நின்றார். காதும் காதும் சேர்ந்து பஸ் மொத்தமும் அவள் பக்கமாகச் சரிந்துவிடும் போல இருந்தது. எழுதியது முடிந்தது. ஐந்தாம் தாளின் கடைசி வரி வரைக்கும் சொல்லியாகிவிட்டது. அடுத்து என்ன? அவளுக்கே தெரியாது. வாயை மூடினாள்.

யாரும் அசையவில்லை. மூச்சு விடக்கூட யோசித்தார்கள். அவள் நிறுத்தியதும் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். அவள் வாய் எப்போது திறக்கும் என்று காத்துக்கொண்டு, உறைந்துபோய், சத்தமில்லாமல்...

கீச்சுவின் முதுகுத் தண்டில் சில்லென்று ஒன்று ஊர்ந்தது.

“என்னது?” என்று ஃபோனில் கேட்டாள். இப்போது அவள் குரலே அவளுக்குப் பயமாக இருந்தது. “நீ பேசும்போதுதான் நடக்கறாங்களா? நீ பேச்சை நிறுத்தினா... காலடியும் நின்னுடுதா? அடியேய்! அப்போ மேல இருக்கிற ஆளு சும்மா நடக்கலை. நீ பேசறதைக் கேட்டுக்கிட்டே உன் கூடவே நடக்கறாங்க! இப்போ... இப்போ நாம பேசறதும் கேக்குது!”

“ஐயோ!” என்று கல்லூரிப் பையன் ஒருவன் வாய்விட்டே அலறினான். கண்டக்டர் விசில் ஊத மறந்தார். டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய், திட்டு வாங்கி, பிரேக் போட்டார். அதுதான் கீச்சு இறங்க வேண்டிய நிறுத்தம். பாய்ந்து இறங்கினாள்.

மறந்துவிடும் முன் எழுத வேண்டும்! நடைபாதை ஓரத்துச் சுவரில் தாளை வைத்து, பேனா கிழித்துவிடும் வேகத்தில் எழுதினாள். ‘அவள் பேச்சை நிறுத்தினாள். மாடியில் காலடியும் நின்றது.’ முற்றுப்புள்ளி. இதற்கு மேல் ஒரு எழுத்து கூடாது.

தோளில் ஒரு கை விழுந்தது.

தூக்கிவாரிப் போடத் திரும்பினாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கண்ணாடி அம்மா!

“எந்த வீடு?”

“எ... என்னம்மா?”

“அந்தப் பொண்ணு இருக்கிற வீடு. அட்ரஸ் சொல்லு. இப்பவே போலீஸுக்கு ஃபோன் போடறேன். நான் கணக்கு டீச்சர். முப்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல பொய் சொன்னாலும் எவன் சொல்றது பெரிய பொய்னு கண்டுபிடிச்சிடுவேன். மழுப்பாம சொல்லு.”

“டீச்சர், அது நிஜம் இல்லை. கதை. நான் தொடர்கதை எழுதறவ.”

“கதையா? வீட்டுப் பாடம் எழுதாத பயலுங்க இதை விட நல்லா சொல்வானுங்க.”

“சத்தியமா கதைதான் டீச்சர்! இதோ பாருங்க, தாள்!”

டீச்சர் தாளைப் பார்க்கவில்லை. கீச்சுவின் கண்ணைப் பார்த்தாள். “சரி, கதைன்னே வெச்சுக்கறேன். கதைன்னா எழுதினவளுக்கு முடிவு தெரியணும் இல்ல? மாடியில இருக்கறது யாரு? அதைச் சொல்லு, விட்டுடறேன்.”

“அதைச் சொல்ல முடியாது டீச்சர்.”

“பார்த்தியா! சொல்ல முடியலைன்னா அது நிஜம். எடுக்கறேன் ஃபோனை.”

மணி மூன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீச்சு கிட்டத்தட்ட அழுதுவிட்டாள்.

“டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மூணு மணிக்குள்ள இதைக் கொடுக்கலைன்னா தொடரையே நிறுத்திடுவாங்க. அதோ அந்தக் கட்டடம்தான் பத்திரிகை ஆபீஸ். நீங்களும் வாங்க. ஆசிரியர் வாயாலேயே கேட்டுக்குங்க!”

“நிறுத்திடுவாங்களா?” டீச்சரின் புருவம் கண்ணாடிக்கு மேலே ஏறியது. “யாரு அந்த ஆளு? நட.”

இருவரும் மாடிப்படிகளில் தடதடவென்று ஏறினார்கள். டீச்சர்தான் முன்னால்.

ஆசிரியர் மேஜையில் அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்கள் பரப்பிக் கிடந்தன. உடம்பு இளைக்க வழி சொல்கிறவரின் படம், கைகட்டிச் சிரித்தபடி, கீச்சுவின் பக்கத்துக்கு நேராக ஏற்கெனவே வைத்தாகிவிட்டிருந்தது. ஆசிரியர் யார் என்ன என்று விசாரிக்கும் முன் கீச்சு தாள்களை நீட்டினாள்.

“என்னம்மா, அஞ்சுதானா? எப்பவும் எட்டுப் பக்கம் வருமே. சாளரம் எல்லாம் எங்கே?”

“சாத்திட்டேன் சார்.”

ஆசிரியர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். அவர் படிக்கும்போது பென்சில் மேஜையைத் தட்டிக்கொண்டே இருக்கும். பிடிக்காத வரி வந்தால் தாளில் இறங்கும். டொக், டொக், டொக். கீச்சு அதையே பார்த்தாள். முதல் பக்கம். டொக், டொக். இரண்டாம் பக்கம். எலி வந்த இடத்தில் ‘மடையன்’ என்று உதடு அசைந்தது. பென்சிலுக்குத் தட்டுவது மறந்துபோனது. ஐந்தாம் பக்கத்தைப் படித்துவிட்டுத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளை. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“மீதி விழுந்துடுச்சா?”

“மீதி அடுத்த வாரம் சார்.”

ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் வந்த வெளிச்சம் மெல்ல அடங்கியது.

“நல்லாத்தான் இருக்கு. மறைக்க மாட்டேன். ஆனா லேட்டும்மா. இத்தனை வாரத்துல வாசகர் எல்லாம் ஓடியே போயிருப்பாங்க. ஆளில்லாத பந்தலுக்கு எதுக்குச் சமைக்கணும்? நல்லா முடிச்ச பேரோட இதுலயே ஒரு பாராவைச் சேர்த்து...”

“என்னது!”

மேஜைமேல் விழுந்த அடியில் உடம்பு இளைக்கிறவரின் படம் பறந்து தரைக்குப் போனது. டீச்சர் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“ஒரு பாராவில முடிப்பீங்களா? நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டு, வெயில்ல ஓடி வந்து, இந்தப் பொண்ணைப் பிடிச்சு உலுக்கி, போலீஸ் வரைக்கும் போக இருந்தேன். பஸ்ஸே நின்னு கேட்டுது தெரியுமா? டிரைவர் ஸ்டாப்பை விட்டார். நீங்க மாடியில ஆளை நடக்க விட்டுட்டு, கீழ ஒரு பொண்ணைத் தனியா விட்டுட்டு, உடம்பு இளைக்க வழி சொல்வீங்க! எனக்கு எதுக்குய்யா இளைக்கணும்? எனக்கு மாடியில யாருன்னு தெரியணும்!”

ஆசிரியர் மெதுவாகக் கீச்சுவைப் பார்த்தார். “இவங்க யாரும்மா?”

கீச்சுவுக்குச் சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

“வாசகர் சார்.”

“உன் கதையை நிஜம்னு நம்பி வந்தாங்களா?”

“ஆமாம் சார்.”

ஆசிரியர் கொஞ்ச நேரம் டீச்சரைப் பார்த்தார். பிறகு, தரையில் கிடந்த படத்தைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

“கடைசி வரிக்குக் கீழ ‘தொடரும்’னு பெருசா போடச் சொல்றேன். அடுத்த வாரத்துலேருந்து அஞ்சு பக்கம்தான். ஆறாவது வந்தா நானே கிழிப்பேன். ஒண்ணு மட்டும் சொல்லு. மாடியில யாருன்னு உனக்குத் தெரியும் இல்ல?”

“தெரியாமலா சார்!” என்றாள் கீச்சு, பளிச்சென்று.

வெளியே வந்து படியில் இறங்கும்போது அவளுக்குக் கால் தரையில் படவில்லை. தங்கைக்கு உடனே சொல்ல வேண்டும். கத்திச் சொல்ல வேண்டும். பல் ஆஸ்பத்திரியே எழுந்து நிற்க வேண்டும். இரண்டாவது வளைவில் டீச்சர் வழியை மறித்தாள்.

“ஆசிரியர்கிட்ட சொல்ல வேண்டாம். என்கிட்ட சொல்லு. யாரு?”

“டீச்சர்...” கீச்சு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரலை. எனக்கே தெரியாது. அந்தக் கடைசி வரி பஸ்லதான் வந்தது. நீங்க எல்லாரும் மூச்சை அடக்கிக்கிட்டு இருந்தீங்களே, அதைப் பார்த்து வந்தது.”

டீச்சர் திகைத்து நின்றாள். பிறகு, அந்தச் சிரிப்பே இல்லாத முகம் உடைந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இவ்வளவு பாடுபட்டும் கடைசியில கேள்வித்தாள் அடிச்சவளுக்கே விடை தெரியலையா!”

“மன்னிச்சுக்குங்க டீச்சர். நீங்க மட்டும் நிஜம்னு நம்பி வரலைன்னா இன்னிக்கு என் கதை முடிஞ்சிருக்கும்.”

“நம்பினேனா? யாரு, நானா?” டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் ஏற்றினாள். “எங்க ஸ்டாஃப் ரூம்ல உன் கதைக்கு ஒன்பது பேர். ஒரே புத்தகம் கைமாறிக் கைமாறி அட்டையே இருக்காது. ஒருத்தருக்கும் கடிதம் எழுத நேரம் இல்லை, அவ்வளவுதான். நீ பஸ்ல வாயைத் திறந்த உடனே அது எந்த வீட்டு மாடின்னு எனக்குத் தெரியும்மா. அடுத்த வாரம் வரைக்கும் யாரு காத்துக்கிட்டு இருக்கறது? போலீஸ்னு மிரட்டினா நீ பயந்துபோய் முடிவைக் கக்கிடுவேன்னுதான் பின்னாலயே இறங்கினேன்.”